காசியில் விட்ட கால்

தச்சநல்லூர் பிச்சைக்கண்ணு ஆசாரிக்கும் சர்க்காருக்கும் சண்டை வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம், மாசி மாதம். சண்டையை ஆரம்பித்தது என்னவோ ஆசாரிதான். ஆனால் சர்க்காரை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது அவர் பெண்டாட்டி ஆறுமுகத்தாய்.

அந்த வருஷம் கானேஷுமாரி. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணி, பேர், வயசு, சாதி, தொழில் என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு போவார்கள். வடக்குத் தெருவுக்கு எழுத வந்தவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் நாறும்பூநாதன். நல்ல மனுஷர்தான். என்ன, அச்சடித்த காகிதத்தைக் கண்டால் விழுந்து கும்பிடுகிற ரகம்.

அவர் வந்த நேரத்தில் ஆசாரி வீட்டில் இரண்டு வேலை நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஆசாரி மஞ்சணத்திக் கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். நுகத்தடிக்கு ஆகிற மரம், கனமிருக்காது. அவர் கை பட்டால் அது முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற கட்டைக்காலாகிவிடும். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை வைப்பார். மேலே கட்டுகிற தோல்வாரை மேலப்பாளையத்தில் குதிரைச் சேணம் தைக்கிற சேக் முகம்மது தைத்துக் கொடுப்பார். திருநெல்வேலிச் சீமையில் கால் போனவர்கள் விசாரித்துக்கொண்டு வருவது இந்த வீட்டுக்குத்தான்.

தெருவில் ஆறுமுகத்தாய் நின்றாள். அவள் கையில் நீள மூங்கில் கம்பின் ஒரு முனை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பனையேறி இசக்கியப்பன். பனையிலிருந்து விழுந்து இடது காலை இழந்தவன். புதுக் கால் மாட்டி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. கட்டைக்காலில் ஓர் ஆட்டுமணி கட்டியிருந்தாள். அவன் ஒவ்வோர் எட்டாக வைக்க, மணி குலுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, பைய பின்வாங்கிக்கொண்டே போனாள்.

அதுதான் அவள் வித்தை. கண்ணால் பார்த்தால் நடை ஏமாற்றிவிடும், காது ஏமாறாது என்பாள். மணி சீராக விழுகிற வரைக்கும் சமதரை, அப்புறம் ஆற்று மணல், அப்புறம் உழுத வயல், கடைசியில் படித்துறை. படியில் இறங்கி ஏறும்போதும் மணி தப்பவில்லை என்றால் அன்றைக்கே அவிழ்த்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த ஆள் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு போனால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நடை வந்தவர்கள் நெல்லோ கேப்பையோ அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆரம்பத்தில் மணியும் கிடையாது, கம்பும் கிடையாது. ஆசாரி செய்த முதல் காலை மாட்டிக்கொண்டவன் மூன்று தரம் விழுந்தான். நாலாவது தரம் எழுந்தவன் காலைக் கழற்றிக் கிணற்றில் வீசிவிட்டுப் போய்விட்டான். கிணற்றில் இறங்கி அதை எடுத்தவள் ஆறுமுகத்தாய். விற்ற ஆட்டின் மணி வீட்டில் சும்மா கிடந்தது, அதை எடுத்துக் கட்டியவளும் அவள்தான். அதற்கப்புறம் இந்த வீட்டுக் கால் எதுவும் கிணற்றுக்குப் போகவில்லை. ஆசாரி இதைச் சுத்தமாக மறந்துவிட்டார். இந்த மாதிரி விஷயங்களில் ஆண்பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மட்டம்தான்.

வாத்தியார் முக்காலியில் உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்தார்.

"தொழிலு?"

"காலு செய்யது" என்றார் ஆசாரி.

வாத்தியார் பட்டியலைப் புரட்டினார். "அப்படி ஒரு தொழிலு இதுல கெடையாது வே. தச்சு வேலைன்னு எழுதுதேன்."

"கதவு செய்யவன் தச்சன், சரி. அவன் செஞ்ச கதவு சந்தைக்குப் போயிட்டு வருமா? நான் செஞ்ச காலு போயிட்டு வரும்!"

"மரத்துலதானே செய்யுதீரு?"

"மரத்துலதான்."

"அப்ப தச்சு வேலை." எழுதியே விட்டார். "வீட்டுல கண்ணு தெரியாதவுக, ஊமைச்செவிடு, பைத்தியம், குஷ்டம்… யாரும் உண்டா?"

"இல்ல. நொண்டியைக் கேக்கலையே?"

"நொண்டிக்குக் கட்டம் இல்ல."

"எப்படி இருக்கும்? அதான் நான் இருக்கேன்லா! அதையாவது எழுதுங்க!"

வாத்தியார் அதைக் காதில் வாங்கவில்லை. "சம்சாரத்துக்கு என்ன தொழிலு?"

ஆசாரிக்குத் தன் கட்டம் போன கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. "அவளுக்கென்ன தொழிலு? ஒண்ணும் கெடையாது, வீட்டுல இருக்கா. நீங்க மொதல்ல என் தொழிலுக்கு ஒரு வழி சொல்லுங்க!"

தெருவில் மணி நின்றது. ஆறுமுகத்தாய் கண்ணைத் திறந்தாள்.

பத்து வருஷத்தில் அவள் நடக்க வைத்த கால்கள் அறுபதுக்கு மேலே. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரன் புத்தகத்தில் தன் பேருக்கு நேரே ஒன்று எழுதுவார்கள் என்று நாலு நாளாக அவளுக்குள் ஓர் ஆசை ஓடிக்கொண்டிருந்தது. என்ன எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கூடப் பார்த்திருந்தாள். இப்போது நெஞ்சில் சுருக்கென்றது. சர்க்கார் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சொன்னது கட்டினவன் வாய்.

"வாத்தியாரய்யா, எனக்கு என்னன்னு எழுதிருக்கீய?" என்று வாசலுக்கு வந்து கேட்டாள்.

"'தொழில் இல்லை'ன்னு எழுதிருக்கேம்மா."

"சர்க்கார் கணக்குல எழுதினா அது நெசந்தானே? மாத்தி நடந்தா குத்தம் ஆயிருமோ?"

"பொய்க்கணக்கு கொடுத்தா குத்தம்தான், அபராதம் உண்டு" என்றார் வாத்தியார், பெருமையாக.

"அது போதும்." ஆறுமுகத்தாய் மூங்கில் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

நடுத்தெருவில் ஒற்றை மணியோடு நின்ற இசக்கியப்பன் தவித்துப்போனான். "எக்கா! நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"சர்க்காரைக் கேளுலே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மறுநாளும் அவள் கம்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சீவலப்பேரியிலிருந்து ஒருத்தன் காலுக்கு அளவு கொடுக்க வந்தான். "நடை யாரு பழக்குவா?" என்று கேட்டான். ஆறுமுகத்தாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்குத் தொழிலு இல்லைன்னு எழுதிட்டாக. நான் கம்பைத் தொட்டா சர்க்காரு பொய் சொன்னதா ஆயிரும்லா? ராஜா மொகத்துல நம்ம கரியைப் பூசலாமா?" என்றாள். வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான்.

"இதென்ன பெரிய வித்தை" என்று ஆசாரியே கம்பைத் தூக்கினார். இசக்கியப்பன் ஒரு முனை, ஆசாரி மறுமுனை. மணி தாறுமாறாக அடித்தது. பத்தாவது எட்டில் இசக்கியப்பன் சாக்கடையில் விழுந்தான். கம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆசாரியும் கூடவே விழுந்தார். ஆறுமுகத்தாய் இரண்டு பேருக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வெந்நீர் வைப்பது தொழிலில் சேராது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆசாரிக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவள் கோபம் சர்க்கார் மேல் என்றே நினைத்தார். பாளையங்கோட்டைக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிற எலியேசரிடம் போய், கலெக்டர் துரைக்கு நீளமாக ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். தச்சன் வேறு, கால் செய்பவன் வேறு, ஆகையால் தமக்குத் தனிக் கட்டம் தரவேண்டும் என்று நாலு பக்கம். அடுத்த வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

ஆறுமுகத்தாய் கடைசி வரி வரைக்கும் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். "இதுல எம் பேரு எங்கன வருது?"

"உம் பேரு எதுக்குட்டி?" என்றார் ஆசாரி.

அவள் பாக்கை வெட்டின வேகத்தில் பாக்குவெட்டி உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

இந்த இடத்தில் சங்கரசுப்பிரமணிய பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைவாளுக்குச் சீவலப்பேரியில் வயலும் தோப்பும் உண்டு, தச்சநல்லூரில் வீடு. கானேஷுமாரிக்கு இந்த வட்டாரத்தில் மேல்பார்வை அவர்தான். வாத்தியார் கறுப்பு மையில் எழுதியதைச் சரிபார்த்துச் சிவப்பு மையில் திருத்துகிற அதிகாரம் அவர் ஒருத்தருக்குத்தான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் காசிக்குப் போய் வந்தார். அப்படித்தான் ஊர் நம்பியது. காசிக்குப் போகிறவர்கள் நாக்குக்குப் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். ஒருத்தர் கத்தரிக்காயை விடுவார், ஒருத்தர் பலாப்பழத்தை விடுவார். நீங்கள் எதை விட்டீர்கள் என்று ஊரார் கேட்டதற்குப் பிள்ளைவாள் வாழைக்காயை என்றார். அன்றிலிருந்து பாவம், வாழைக்காய் பஜ்ஜியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்கிறார்.

நிஜத்தில் அவர் சீவலப்பேரியைத் தாண்டவேயில்லை. நெல்வண்டிச் சக்கரம் இடது காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 'நொண்டிப் பிள்ளை' என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் அவரால் தாங்க முடியாது. அதனால் யாத்திரை என்று சொல்லிவிட்டுத் தோப்பு வீட்டிலேயே ஆறு மாசம் அடைந்து கிடந்தார். ஆசாரி அங்கே போய்க் கால் செய்தார். ஆறுமுகத்தாய் ஆற்று மணலில் நடக்க வைத்தாள். மணியை அவிழ்த்த அன்றைக்கு அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிறகு தாமிரபரணித் தண்ணீரையே செம்புகளில் அடைத்து, கங்கை தீர்த்தம் என்று ஊருக்குக் கொடுத்தார். வாத்தியார் வீட்டுப் பூஜையறையில் அதில் ஒரு செம்பு தினசரி பூவும் பொட்டுமாக இருக்கிறது.

'பிள்ளைவாள் காசியில காலை விட்டுட்டு வந்தாரு' என்று புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள்ளே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். வெளியே ஒரு மூச்சு விட்டதில்லை. யாருக்குக் கட்டைக்கால் என்பது அந்த வாசலைத் தாண்டாது. அவர்கள் சண்டை போடாத விஷயம் அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் பிள்ளைவாள் கணக்கைச் சரிபார்க்க வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வடக்குத் தெருவுக்கு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. நாலு வருஷச் சாப்பாட்டில் உடம்பு பெருத்து, நடை கோணிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை கணக்கைப் பார்க்க வருகிறார். துரையோடு தெருத் தெருவாக நடந்தாக வேண்டும். இது காசியிலிருந்து கொண்டுவந்த வாயுப் பிடிப்பு என்று சொல்லி எத்தனை தெருவைக் கடக்க முடியும்?

"ஆசாரி, நம்ம வீட்டுக் கதவு ஒண்ணு சாயுது. மரத்துல குறையான்னு பாக்கணும்" என்றார், வாத்தியாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

ஆசாரி அவர் நடந்து வந்ததைக் கவனித்திருந்தார். "மரத்துல குறை இல்லைய்யா. கதவு ஆடுத ஆட்டத்துலதான் குறை." சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும்? நான் தொழிலு இல்லாதவ" என்றாள் ஆறுமுகத்தாய். "சந்தேகம்னா புஸ்தகத்துல பாத்துக்கோங்கய்யா."

பிள்ளைவாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. "என்ன வே வாத்தியாரே, இப்படி எழுதிருக்கீரு? 'நடை பழக்குபவர்'னு திருத்தப் போறேன்."

எல்லாக் காரியத்துக்கும் வளைகிற வாத்தியார் சட்டம் என்று வந்தால் மட்டும் வளைய மாட்டார். "வீட்டுக்காரரு சொன்னதைத்தான் எழுதினேன், பிள்ளைவாள். அதோட, நடை பழக்கது ஒரு தொழிலா? பெத்த பிள்ளைக்குத் தாயி நடை பழக்கலையா? அப்ப ஊருல இருக்க தாயெல்லாம் தொழில்காரியா? நாளைக்கு துரை கேட்டா நான்தானே பதில் சொல்லணும்."

"இதோ, இசக்கியப்பன் சாட்சி" என்றார் ஆசாரி.

"அவன் இந்த வாரத்துல நாலு தரம் விழுந்ததை ஊரே பாத்துச்சே. இந்தம்மாகிட்ட பழகி ஒழுங்கா நடக்கவுக ஒருத்தரைக் காட்டட்டும். பிள்ளைவாள் இப்பவே திருத்தட்டும்."

எல்லாரும் ஆறுமுகத்தாயைப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டினால் போதும். மூன்று முழ தூரத்தில் நின்றது அந்தக் கால். பிள்ளைவாள் தரையைப் பார்த்தார், துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

அவளுக்கு ஆசை இல்லாமலா? நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏழு நாளாக வீம்புக்கு வெற்றிலை மென்றதெல்லாம் இதற்குத்தானே. ஆனால் அந்த மனுஷர் கழுத்தைத் துடைத்த விதத்தைப் பார்த்ததும் மணலில் அவர் அழுதது ஞாபகம் வந்துவிட்டது.

"காட்ட மாட்டேன்" என்றாள். "எங்கிட்ட நடை பழகினவுக பேரை நான் சொன்னதும் இல்ல, சொல்லப் போறதும் இல்ல. அது இல்லாம தொழிலு இல்லைன்னா, இல்லைன்னே இருந்துட்டுப் போகட்டும்." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க, சுவரில் சாய்ந்திருந்த கம்பை எடுத்து வேறு சுவரில் சாத்தினாள்.

வாத்தியார் புத்தகத்தை வாங்கி மூடப் போனார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சிவப்பு மைப் பேனாவின் கட்டையால் பிள்ளைவாள் தன் இடது காலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கினார். மஞ்சணத்தி மரம் மஞ்சளாகப் பளபளத்தது.

"சாட்சி கேட்டீரே வே, பாத்துக்கிடும்."

வாத்தியார் திறந்த வாயை மூடவில்லை. "அப்ப… காசி?"

"சீவலப்பேரி ஆத்து மணலு."

"தீர்த்தம்?" வாத்தியார் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நாலு வருஷமா கற்பூரம் காட்டுதேனே!"

"அது நம்ம தாமிரபரணி. அதுக்குக் காட்டினா என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் பிள்ளைவாள். வெட்கம் ஒருபக்கம் இருந்தாலும், நாலு வருஷப் பாரம் இறங்கின முகமாக இருந்தது. இனிமேல் வாழைக்காய் தின்னலாம் என்பதும் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் இருந்திருக்காது.

வாத்தியார் ஒருவழியாகத் தேறி, சட்டத்தின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டார். "சரி. ஆனா வீட்டுத் தலைவரு வாயால சொல்லணும். அவரு சொன்னதை அவருதான் மாத்தணும்."

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். ஏழு நாள் கழித்து, அன்றைக்குத் தான் சொன்ன வார்த்தை இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மடியில் சொருகியிருந்த நாலு பக்க மனு உறுத்தியது.

"வாத்தியாரய்யா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றார். "நான் செய்யது வெறும் கட்டை. அதைக் காலாக்குதது இவதான். இவ இல்லைன்னா அதுக்குக் கெணறுதான் கதி."

ஆறுமுகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. கிணறு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டதே! பிள்ளைவாள் சிவப்பு மையைத் தொட்டு, கறுப்பை அடித்து, மேலே எழுதினார். எழுதினதை அவளுக்கு வாய்விட்டுப் படித்தார்: "ஆறுமுகத்தாய். தொழில், நடை பழக்குபவர்." அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார்.

"ஆசாரிக்கு என்ன எழுத?" என்று பேனாவைத் திரும்பத் தொட்டார் பிள்ளைவாள்.

ஆசாரி வாயைத் திறந்தார். ஆறுமுகத்தாய் முந்திக்கொண்டாள். "அவருக்கென்ன தொழிலு? ஒண்ணும் கெடையாது, வீட்டுல இருக்காரு."

ஆசாரியின் முகம் விழுந்தது. பேனா அந்தரத்தில் நின்றது. அவள் அந்த முகத்தை ஆற அமர ஒருதரம் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வலிக்குதுட்டி" என்றார் ஆசாரி.

"ம்." அவள் திரும்பிப் பிள்ளைவாளிடம், "'கால் செய்பவர்'னு எழுதுங்கய்யா. நல்லாத்தான் செய்வாரு" என்றாள்.

எழுதி முடித்ததும் ஆறுமுகத்தாய் கம்பை எடுத்துக்கொண்டாள். இசக்கியப்பன் காலிலிருந்து ஆட்டுமணியை அவிழ்த்து, பிள்ளைவாளின் கட்டைக்காலில் இறுக்கிக் கட்டினாள். "இனி எனக்குத் தொழிலு உண்டு. வாங்கய்யா."

"இங்கனயா? தெருவுலயா? பகல்லயா?"

"பொறவு? வெள்ளிக்கிழமைக்கு மூணு நாளுதானே இருக்கு."

கானேஷுமாரி மேல்பார்வை சங்கரசுப்பிரமணிய பிள்ளை மூங்கில் கம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தச்சநல்லூர் வடக்குத் தெருவில் நடந்தார். பின்னால் வாத்தியார் கணக்குப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். கதவுக் கதவாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. மணி குலுங்கியது. ஆறுமுகத்தாய் கண்ணை மூடிக்கொண்டு நாலு எட்டு கேட்டாள்.

"ஐயா, பைய! மணி முந்துதே. காசி ரயிலைப் பிடிக்கவா போறீய?"